மீன் விடுவதற்கு முன் புதுத் தொட்டியில் வரும் கோளாறுகள்: தண்ணீரைப் பார்த்தே கண்டுபிடிப்பது எப்படி

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வீட்டுக்குச் சாயம் அடித்து, புது லங்சீர் (திரைச்சீலை) மாட்டி, அப்படியே கூடத்தில் ஒரு மீன் தொட்டியும் வைத்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் மலேசியாவின் பேராக்கில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் நிறையப் பேர். சனிக்கிழமை தொட்டி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மீன் விட்டு, அடுத்த வாரம் ஒவ்வொன்றாக எடுத்துப் புதைக்கிறார்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மீன் இல்லாமல் தொட்டி மட்டும் ஓட வேண்டிய காலம் சாதாரணமாக நாலு முதல் ஆறு வாரம். நம் ஊர்ச் சூட்டில் அதற்கு முன்பே முடிவதும் உண்டு. அந்தக் காலத்தில் தண்ணீர் பல நிறம் மாறும், நாறும், புழு வரும், டெஸ்ட் கிட் குழப்பும். இதில் முக்கால்வாசிக்குச் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, ஆனால் அப்போதுதான் நம்மவர்கள் பதறிப்போய் எல்லாவற்றையும் கொட்டிக் கழுவி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். எதற்குக் கை வைக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மனத்தில் வைத்திருப்பது இரண்டடி தொட்டி, ஏறக்குறைய 55 லிட்டர், குழாய்த் தண்ணீர், ஸ்பாஞ்ச் பில்டர் அல்லது பின்னால் தொங்கும் பில்டர். ஹீட்டர் வேண்டாம், இங்கே தண்ணீர் தானாகவே 27 முதல் 30 டிகிரியில் நிற்கும். சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட் ஒன்று கண்டிப்பாக வேண்டும்; அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) நாலும் பார்க்கக்கூடியது. மீன் வாங்க வைத்திருக்கும் காசில் பாதியை இதில் போட்டாலும் தப்பில்லை.

நடப்பது இதுதான். மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறும், அது மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம். நைட்ரோஸ்பைரா என்ற இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அது கொஞ்சம் இருந்தால் மீன் தாங்கும். இந்த இரண்டு கூட்டமும் பில்டர் பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வளர்வதற்குத்தான் அத்தனை வாரம். மீன் இல்லாததால் அவற்றுக்குச் சாப்பாடாக நாமே அம்மோனியா போட வேண்டும். கடையில் விற்கும் 10 சதவீத அம்மோனியா கரைசல் என்றால் 55 லிட்டருக்கு ஒரு மில்லிக்குச் சற்று அதிகமாக விட்டாலே லிட்டருக்கு 2 மில்லிகிராம் வந்துவிடும். பாட்டிலைக் குலுக்கினால் நுரை நிற்கக் கூடாது. நின்றால் சோப்பு கலந்தது, வேண்டாம். கிடைக்கவில்லையா, பழைய ஸ்டாக்கிங் துணியில் ஒரு பச்சை இறாலைக் கட்டித் தொங்கவிடுங்கள், நாறும், ஆனால் வேலை நடக்கும். தோட்டத்தில் உரம் சும்மா கிடைக்கிறதே என்று அதைக் கரைத்து ஊற்றுபவர்களைப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். செம்பனைக்குப் போடும் கலப்பு உரத்தில் பொட்டாஷ், மெக்னீசியம், போரான் என்று என்னென்னவோ சேர்ந்திருக்கும். தொட்டியில் போனால் அவ்வளவையும் வெளியே எடுக்க முடியாது.

தண்ணீர் பால்போல வெளுத்துவிட்டது

எப்போது வெளுத்தது என்று பாருங்கள். தண்ணீர் ஊற்றிய அன்றே என்றால் கல்லில் இருந்த தூசு. கல்லைச் சரியாக அலசவில்லை, அவ்வளவுதான். பில்டரில் கொஞ்சம் வெள்ளைப் பஞ்சு வைத்தால் ஓரிரு நாளில் தெளியும்.

இரண்டு மூன்று நாள் தெளிவாக இருந்துவிட்டு அப்புறம் வெளுத்தால் அது வேறு. தண்ணீரில் மிதக்கும் வேறு வகை பாக்டீரியா பெருகியிருக்கிறது, புதுத் தொட்டியில் சர்வ சாதாரணம். இதற்குத் தண்ணீர் மாற்றாதீர்கள், மாற்ற மாற்றப் புதிதாக வளரும். காற்று மட்டும் நன்றாக ஓடட்டும், ஏனென்றால் இவை பிராணவாயுவை அதிகம் இழுக்கும், சூடான தண்ணீரில் அது ஏற்கெனவே குறைவு. இறால் போட்டவர்கள், அது கரைந்து சிதறியிருந்தால் வெளியே எடுத்துவிடுங்கள். ஒரு வாரத்தில் தானாகத் தெளியும். தெளிவாக்கும் மருந்து என்று விற்பதை இந்த நேரத்தில் வாங்க வேண்டாம்.

பழுப்பாக, தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது

மரக்கட்டை போட்டிருந்தால் அதன் சாறு. கெத்தாபாங் (நாட்டு வாதுமை) இலை போட்டிருந்தாலும் இதே நிறம்தான், அதைச் சண்டை மீனுக்கு வேண்டுமென்றே போடுகிறோம். கெடுதல் இல்லை. பிடிக்கவில்லை என்றால் கட்டையை எடுத்து இரண்டு மூன்று முறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டுங்கள். கட்டைமேல் பஞ்சுபோல வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் அதற்கும் பயம் வேண்டாம், பழைய பல் துலக்கியால் தேய்த்து விடலாம், சில வாரத்தில் அதுவே போய்விடும்.

கட்டையும் இல்லை, இலையும் இல்லை, ஆனாலும் பழுப்பு. இப்போது தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். தோட்டத்துக் கிணறு அல்லது போர் தண்ணீர் என்றால் இரும்பு இருக்கலாம்: இறைக்கும்போது கண்ணாடிபோல இருக்கும், வாளியில் ஒரு நாள் வைத்தால் துருநிறம் வந்து அடியில் படியும். அந்தத் தண்ணீரை வாளியிலேயே ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் ஓடவிட்டு, படியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் பஞ்சு வழியாக வடித்துத் தொட்டிக்கு ஊற்றுங்கள்.

குழாய்த் தண்ணீரே பழுப்பு என்றால் பெரும்பாலும் தண்ணீர் வெட்டு முடிந்து வந்த நாள். குழாயின் உள்ளே படிந்ததெல்லாம் முதல் வேகத்தில் அடித்துக்கொண்டு வரும், சில சமயம் குளோரின் வாடையும் மூக்கைத் துளைக்கும். அன்றைக்குத் தொட்டிக்குத் தண்ணீர் பிடிக்காதீர்கள். ஒரு நாள் பொறுங்கள்.

அம்மோனியா குறையவே இல்லை

இரண்டு வாரம் ஆகியும் கிட் அதே பச்சையைக் காட்டுகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குளோரின். குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லத்தான் அதைப் போடுகிறார்கள், நமக்கு வேண்டிய பாக்டீரியாவையும் அது கொல்லும். ஒரு வாளித் தண்ணீரை ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்தால் சாதாரணக் குளோரின் போய்விடும், ஆனால் குளோரமின் கலந்திருந்தால் அப்படிப் போகாது. எது கலந்திருக்கிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, இரண்டையும் முறிக்கும் என்று எழுதியிருக்கும் அந்தி குளோரின் மருந்தை எப்போதும் போட்டுவிடுவது நல்லது. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பொட்டலமாகக் கிடைக்கும் வெள்ளைப் படிகம் குளோரினுக்குப் போதும். குளோரமினை உடைத்தால் அம்மோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். மீன் இல்லாத இந்தக் கட்டத்தில் அது பரவாயில்லை, மீன் வந்த பிறகு பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

அடுத்தது, பில்டரைக் கழுவினீர்களா? பஞ்சு அழுக்காக இருக்கிறதே என்று குழாய்க்கு நேராகப் பிடித்து வெள்ளை வெளேர் என்று ஆகும்வரை பிழிந்திருப்பீர்கள். அந்த அழுக்கோடுதான் நமக்கு வேண்டியதும் போனது. இந்த மாதம் முழுக்கப் பில்டரைத் தொடாதீர்கள். தண்ணீர் வரத்தே அடைத்துக்கொண்டால் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் லேசாக ஒரு பிழி.

இன்னொன்று, அளவு கூடிப்போயிருக்கலாம். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் அம்மோனியா ஏறினால் பாக்டீரியாவே திணறும். பாதித் தண்ணீரை மாற்றி 2 முதல் 3-க்குக் கொண்டுவாருங்கள். பாட்டில் பாக்டீரியா வாங்கி ஊற்றியும் நடக்கவில்லை என்றால், அந்தப் பாட்டில் வெயிலில், சூடான காரில், கடை ஜன்னலோரத்தில் எவ்வளவு நாள் இருந்தது என்று யோசியுங்கள். உயிருள்ள பொருள் அது, வெந்துபோனால் வெறும் தண்ணீர்தான்.

உண்மையான குறுக்குவழி ஒன்றே ஒன்று. மாதக்கணக்கில் நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் போய், அண்ணே, உங்கள் பழைய ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கொடுங்கள் என்று கேளுங்கள். ஈரமாக, அந்தத் தொட்டித் தண்ணீரோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, அன்றே கொண்டுவந்து உங்கள் பில்டரில் வையுங்கள். ஒரு மாத வேலை ஒரு வாரத்தில் முடிந்தாலும் முடியும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி, துடுப்பு அழுகல் வந்த தொட்டியாக இருந்தால் மட்டும் வேண்டாம். நத்தை முட்டையும் சேர்ந்து வரலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

நைட்ரைட் ஊதாவிலேயே நிற்கிறது

எல்லாருக்கும் பொறுமை போவது இங்கேதான். அம்மோனியா அழகாகக் குறைகிறது, நைட்ரைட் குழாயில் மட்டும் சொட்டு விட்ட மறு நொடியே கரு ஊதா. நாளைக்கும் அதே, அடுத்த வாரமும் அதே. எங்கள் வரிசையில் ஒரு அக்கா, ஊதா மாறவே இல்லை, கிட் கெட்டுப்போச்சு என்று வீட்டு வாசலில் வந்து நின்றார். கிட் கெடவில்லை. அந்த அட்டையில் கடைசி நிறம் 5, அதற்குமேல் 10 இருந்தாலும் 30 இருந்தாலும் கண்ணுக்கு ஒரே ஊதாதான். ஒரு பங்கு தொட்டித் தண்ணீரோடு ஒன்பது பங்கு வாலை வடிநீர் கலந்து, அந்தக் கலவையை டெஸ்ட் செய்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். அவர் தொட்டியில் கலவையே 2 காட்டியது, அதாவது 20. இப்படி ஏறிக் கிடந்தால் இரண்டாவது கூட்டம் வளரவே நாளாகும். பாதிக்குமேல் தண்ணீர் மாற்றி, அம்மோனியா போடுவதைப் பாதியாகக் குறைத்து, இரண்டு நாளுக்கு ஒரு முறை போட்டால் போதும் என்று சொன்னேன். நிறம் ஒரு நாள் மெல்ல இறங்க ஆரம்பித்தது, அப்புறம் சடசடவென்று வானநீலத்துக்கு வந்துவிட்டது. இது எப்போதும் அப்படித்தான் இறங்கும், கடைசியில் ஒரேயடியாக.

இறங்கவே இல்லை என்றால் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டுப் பாருங்கள். வெறும் அம்மோனியா மட்டும் போடும் தொட்டியில் பாஸ்பேட் இல்லாமல் பாக்டீரியா நின்றுபோவதுண்டு, தீனியில் அது இருக்கிறது.

நைட்ரேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஏபிஐ என்ற கம்பெனியின் கிட் வைத்திருப்பவர்கள், நைட்ரேட் இரண்டாம் பாட்டிலை 30 விநாடி பலமாகக் குலுக்க வேண்டும், சொட்டு விட்ட பிறகு குழாயை ஒரு நிமிடம் குலுக்க வேண்டும். அடியில் படிந்த பொருள் கலக்காவிட்டால் நைட்ரேட் இல்லை என்று பொய் சொல்லும், நீங்களும் ஒன்றுமே நடக்கவில்லை என்று நம்பிவிடுவீர்கள்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, திடீரென்று எல்லாமே நின்றுவிட்டது

பிஎச் பாருங்கள். 6-க்குப் பக்கத்தில் இறங்கியிருக்கும். இந்த பாக்டீரியா வேலை செய்யச் செய்யத் தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுகொண்டே போகும், அது தீர்ந்ததும் பிஎச் சரியும், பிஎச் சரிந்தால் வேலை நிற்கும். மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றியவர்களுக்கு இது அடிக்கடி வரும், ஏனென்றால் மழைத் தண்ணீரில் அந்தக் காரத்தன்மை கிட்டத்தட்ட இல்லை. பாதித் தண்ணீரைக் குழாய்த் தண்ணீராக மாற்றுங்கள், மீன் கடையில் விற்கும் உடைத்த பவளக்கல்லை ஒரு கைப்பிடி துணிப்பையில் கட்டிப் பில்டரில் வையுங்கள். சில நாளில் மறுபடி ஓடும்.

பிஎச் 8-ஐத் தாண்டி நிற்கிறது, மருந்து போட்டாலும் திரும்ப ஏறுகிறது

நம் பக்கத்துக்கே உரிய கோளாறு இது. ஈப்போவிலிருந்து இந்தப் பக்கம் வரை சுண்ணாம்பு மலைகள்தான், மார்பிள் சில்லு எங்கேயும் மலிவாகக் கிடைக்கும், வெள்ளையாகப் பார்க்க அழகாகவும் இருக்கும், அதனால் தொட்டி அடியில் அதைப் போடுகிறார்கள். அது சுண்ணாம்பு. மெல்ல மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தையும் பிஎச்சையும் ஏற்றிக்கொண்டே இருக்கும், பிஎச் குறைக்கும் மருந்து ஊற்றினால் காலையில் இறங்கி மாலையில் ஏறும்.

கல்லைத் துடைத்து உலர்த்தி, மேலே நாலு சொட்டு வினிகர் விடுங்கள். குனிந்து காதை வைத்தால் சன்னமாகப் பொரியும் சத்தம் கேட்கும், சின்னச் சின்னக் குமிழி வரும். வந்தால் சுண்ணாம்புக் கல். கருங்கல், ஆற்றுக் கூழாங்கல் பொதுவாகப் பொரியாது, ஆனாலும் சோதித்துவிட்டே போடுங்கள்.

எடுத்துவிட வேண்டுமா என்றால், என்ன மீன் என்பதைப் பொறுத்தது. கப்பி, மோலி, பிளாட்டிக்குக் கடினத் தண்ணீர் பிடிக்கும், அவற்றுக்கு அப்படியே விடலாம். டெட்ரா, ரஸ்போரா வகைகளுக்கு எடுத்துவிடுங்கள். பிஎச் கூடியிருந்தால் அம்மோனியாவின் விஷமும் கூடும்: 28 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷமாக இருப்பது ஒரு சதவீதம்கூட இல்லை, 8 என்றால் ஆறு சதவீதத்துக்கு மேல். ஒரே எண் இரண்டு தொட்டியில் ஒரே ஆபத்தில்லை.

தண்ணீரில் நெளிகிற புழு

தலைகீழாகத் தொங்கி, கையை நீட்டினால் துள்ளி அடிக்குப் போனால் கொசுப் புழு. இதை மட்டும் சும்மா விடக் கூடாது. மீன் இல்லாத, சுத்தமான, அசையாத தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு மிகவும் பிடித்த இடம். நம் சூட்டில் முட்டை ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகப் பறந்துவிடும். டிங்கி காய்ச்சல் வீட்டுக்குள்ளேயே பிறக்கும் என்பது ஒரு பக்கம், சுகாதார இலாகா சோதனைக்கு வந்து புழுவைக் கண்டால் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் காம்பவுண்ட் (அபராதம்) என்பது இன்னொரு பக்கம்.

வலையால் அள்ளி எடுங்கள். பில்டர் தண்ணீர் மேல்பரப்பைக் கலக்கும்படி திருப்பி வையுங்கள், அசையும் தண்ணீரில் கொசு முட்டையிடத் தயங்கும், புழுவும் மேலே வந்து மூச்சுவிடத் தடுமாறும். மேலே நெருக்கமான வலைத்துணி போட்டுக் கட்டுங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்புறக் கண்ணாடியைத் துணியால் அழுத்தித் துடையுங்கள், ஏடிஸ் முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. அதிகமாக இருந்தால் பிடிஐ என்ற பாக்டீரியா மருந்து கிடைக்கும், கொசுப் புழுவைக் கொல்லும், மீனுக்கு ஒன்றும் செய்யாது. மண்ணெண்ணெய் ஊற்றவே ஊற்றாதீர்கள். லோங்காங்கில் (சாக்கடையில்) பிடித்த கப்பியை விட்டால் தின்றுவிடுமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். தின்னும்தான், ஆனால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறிக் கிடக்கும் தண்ணீரில் அதுவும் துடிதுடித்துச் சாகும். வேண்டாம்.

நூல்போல வெள்ளையாகக் கண்ணாடியில் ஊர்ந்தால் அது வேறு, தீனி அதிகம் போட்டதால் வந்தது. தீனியை நிறுத்தினால் போய்விடும்.

அழுகிய முட்டை வாடை

அடிமண் கனமாக இருக்கிறது, உள்ளே காற்றுப் போகவில்லை. செடி மண் போட்டவர்கள் மேலே மணலை ஒன்றிரண்டு அங்குலத்துக்குமேல் ஏற்ற வேண்டாம். சாப் ஸ்டிக்கால் அங்கங்கே மெதுவாகக் குத்தி வாயுவை வெளியேற்றுங்கள். வெறும் மீன் சந்தை வாடை என்றால் இறால்தான்.

மின்சாரம் போன பிறகு வாடை வந்தால் பில்டரைப் பாருங்கள். சாயங்கால இடி மழையில் கரண்ட் போய் மூடிய பில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால் உள்ளே இருப்பது மூச்சுமுட்டிச் செத்திருக்கும். அந்தத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியே கொட்டிவிட்டு அப்புறம் ஓட்டுங்கள். ஸ்பாஞ்ச் பில்டர் என்றால் இந்தக் கவலை குறைவு.

பச்சைத் தண்ணீர்

வெயில். ஜன்னலோரத்திலிருந்து நகர்த்துங்கள், விளக்கை ஆறு மணி நேரத்துக்குமேல் எரிக்காதீர்கள்.

புகை அடித்துவிட்டுப் போனார்கள்

தாமானில் (குடியிருப்பில்) கொசுப் புகை அடிக்க வரும் சத்தம் கேட்டதும் ஏர் பம்பை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் முழுக்க மூடுங்கள், ஒரு மணி நேரம் கழித்துத் திறக்கலாம். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேராகத் தண்ணீருக்குள் ஊதுகிறது, புகையில் இருக்கும் பைரெத்ராய்டு வகை மருந்து மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம். வீட்டில் அடிக்கும் கொசு ஸ்பிரேயும் அதே ரகம்தான். தெரியாமல் உள்ளே போய்விட்டது என்றால் தண்ணீரைப் பெருமளவு மாற்றி, பில்டரில் கரி வைத்து, மீன் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

மேசை விளிம்பில் ஈரம்

55 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 55 கிலோ, கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் எழுபதைத் தாண்டும். டிவி கேபினட் அதைத் தாங்காது. அடியில் போலிஸ்டைரின் பலகை இல்லாமல் மேடுபள்ளமான மேசையில் வைத்தால் மூலையில் இழுத்துச் சிலிக்கோன் விடும். உள்ளே வைப்பதற்கு முன் போர்ச்சில் வைத்து நிரப்பி, கீழே பழைய செய்தித்தாள் விரித்து ஒரு நாள் விடுங்கள். தாள் நனைந்திருந்தால் கடைக்கே திருப்பிக் கொண்டுபோகலாம்.

எப்போது மீன் விடலாம்

லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு அம்மோனியா போடுங்கள். மறுநாள் அதே நேரம் டெஸ்ட் செய்யுங்கள். அம்மோனியாவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம் என்றால் தயார். வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து, வாசல் வெளிச்சத்தில் பாருங்கள், கூடத்து மஞ்சள் விளக்கில் மஞ்சளும் இளம்பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டு நாள் தொடர்ந்து அப்படி வந்தால், நைட்ரேட் ஏறியிருக்கும் என்பதால் முக்கால்வாசித் தண்ணீரை அந்தி குளோரின் போட்டு மாற்றிவிட்டு, மறுநாளே மீன் வாங்கப் போங்கள். இடையில் நாலைந்து நாள் ஆகும் என்றால் தினமும் கொஞ்சம் அம்மோனியா போட்டுக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் வளர்த்ததெல்லாம் பட்டினி கிடக்கும்.

முதல் தவணையில் நாலைந்து சின்ன மீன் போதும். பையை மூடியபடியே கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விட்டு, மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போக வேண்டாம். அன்றைக்குத் தீனி போடாதீர்கள். முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள், எதிலாவது நிறம் தெரிந்தால் கால்வாசித் தண்ணீர் மாற்றி ஒரு நாள் தீனியை நிறுத்துங்கள். இரண்டு வாரம் எதுவும் ஏறாமல் இருந்தால் அடுத்த நாலைந்தை வாங்கலாம்.